திரிதலும் திரும்பலும்: ‘டேர்ன்’ என்னும் ஆங்கில வினைபற்றிய ஓர் ஆய்வு

ஒரு மொழியிலே பெருவழக்காயுள்ள சிறு வினைச்சொற்களே பிறமொழியிற் பெயர்த்தற்கு மிக அரியன. அருஞ்சொற்கள் நம்மை அகராதிக்கு அனுப்புகின்றன. எளிய சொற்களோ ‘இதனை யாம் அறிவேம்’ என்னும் துணிவைத் தந்து வழிதவறச் செய்கின்றன. ஆங்கிலத்தில் ‘டேர்ன்’ என்னும் வினை அத்தகையது. நான்கே எழுத்துக்களால் இயன்ற இச்சொல், வண்டி திரும்புதல், சக்கரம் சுழலுதல், ஏட்டைப் புரட்டுதல், குழாயைத் திருகுதல், மரத்தைக் கடைதல், பால் திரிதல், இலை நிறம் மாறுதல் ஆகிய அனைத்தையும் உணர்த்தவல்லது. பெயராய் நிற்குமிடத்து ‘முறை’ என்றும் பொருள்படும்.

நம் மாணாக்கர் பலர் இதற்குத் ‘திரும்பு’ என்னும் ஒரு பொருளையே மனனஞ் செய்து, கண்ட கண்ட இடமெல்லாம் அதனைப் பெய்து விடுகின்றனர். விளக்கை ஏற்றுக என்பதற்கு ‘விளக்கைத் திருப்பு’ என்றும், அவனுக்கு ஐம்பது வயது நிரம்பிற்று என்பதற்கு ‘அவன் ஐம்பதாகத் திரும்பினான்’ என்றும், அவள் முகஞ் சிவந்தாள் என்பதற்கு ‘அவள் சிவப்பாகத் திரும்பினாள்’ என்றும் எழுதுவோர் உளர். இவற்றைக் கண்டு நகைத்துச் செம்மையாற் கோடிட்டு விடுதல் ஆசிரியர்க்கு எளிது. ஆயின், இதே பிழை நகைப்புக்கு இடமில்லாத வடிவத்தில் நம் அறிவியற் பாடத்திலும், வரலாற்றுப் பாடத்திலும், இலக்கிய மேடையிலும் உலவுகின்றது. அங்கே அதனைப் பிழையென்று எவரும் கோடிடுவதில்லை. சில வேளைகளிற் கைதட்டியும் வரவேற்கின்றனர். ஆதலின் இவ்வினையின் பொருளையும் வழக்கையும் சற்று நின்று ஆராய்தல் வேண்டும்.

‘டேர்ன்’ என்பதனைத் தமிழாக்க விழைவோன் மூன்று வினாக்களுக்கு விடைகண்ட பின்னரே எழுதுகோலை எடுத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. நிகழ்ந்த அசைவு எத்தகையது? அவ்வசைவைச் செய்தார் யார்? அசைவின் முடிவில் மாறியது எது? ஆங்கிலம் இம்மூன்றனையும் கூறாது விட இடந்தருகின்றது. தமிழோ பெரும்பாலும் கூறியே தீரவேண்டும் என்கின்றது.

சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் வழங்கிய இவ்வினை இலத்தீன் மொழியிலிருந்து வந்ததாகும். இலத்தீனில் அதன் மூலச்சொல்லுக்குக் கடைசற்பொறி என்பது பொருள். அதுவும் கிரேக்க மொழியில் வட்டம் வரையுந் தச்சுக்கருவியைக் குறித்த சொல்லினின்று பெறப்பட்டது. எனவே இன்று வீதியில் வண்டி திரும்புதற்கு வழங்குஞ் சொல், ஆதியில் மரத்தைக் கடையுந் தச்சனின் பட்டறையிற் பிறந்தது என்க.

தமிழில் அத்தொழிலைக் குறிப்பது ‘கடை’ என்னும் வினை. தயிர் கடைதலும், கட்டிற்கால் கடைதலும், அரணிக்கட்டையில் தீக்கடைதலும் ஒரே வினையாற் குறிக்கப்படுதல் நோக்கத்தக்கது. வெண்ணெயும் கட்டிற்காலும் நெருப்பும் தம்முள் யாதொரு தொடர்பும் இல்லாதன. தொடர்பு அவற்றைப் பயக்கும் அசைவில் உளது. மத்தினைக் கயிறு சுற்றி முன்னும் பின்னுமாக இழுக்கின்றோம். பழைய கடைசற்பொறியிலும் கோலிற் சுற்றிய கயிற்றையோ வில்லின் நாணையோ அவ்வாறே இழுத்தனர். தீக்கடைகோலும் அவ்வாறே இயக்கப்பட்டது. வலமாகச் சுழன்று உடனே இடமாகச் சுழலும் இம்மாறி மாறிச் சுழலும் அசைவுதான் ‘கடைதல்’. ஒருமுகமாகச் சுழலும் திரிகைக்கல்லை நாம் கடைவதில்லை. அதனைச் சுழற்றி அரைக்கின்றோம்.

கண்டியைச் சூழ்ந்த நாட்டில் இக்கைத்தொழில் நெடுங்காலம் சிறந்து விளங்கியது. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹுரிகடுவையிலும், மாத்தளைப் பகுதியிலுள்ள ஹபுவிடையிலும் அரக்குவேலை செய்வோர் மரத்தைக் கடைந்து வண்ணமேற்றும் முறையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளனர். ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலைபற்றிய பெருநூலில் இத்தகைய கைவினைஞரின் தொழில்களைப் போற்றி எழுதியுள்ளார். தொழில் அறிந்தவன் வாயில் வினைச்சொல் மயங்குவதில்லை. தொழிலைக் காணாது சொல்லை மாத்திரம் கற்பவனுக்கே மயக்கம் உண்டாகின்றது.

‘திரி’ என்னும் வினை

‘டேர்ன்’ போலப் பரந்த பொருளுடைய வினை தமிழில் இல்லையோ எனின், உண்டு. அது ‘திரும்பு’ அன்று, ‘திரி’ என்பதாகும். திரிதல் சுழலுதலைக் குறிக்கும். அதனாலேயே மாவரைக்குங் கல் திரிகையாயிற்று. முறுக்குதலைக் குறிக்கும், பஞ்சை முறுக்கிச் செய்தது விளக்குத்திரி. அலைதலைக் குறிக்கும், ஊர்தோறும் திரிந்தான் என்கின்றோம். தன்மை மாறுதலையும் குறிக்கும். பால் திரிந்துவிட்டது என்பது நம் வீடுகளில் நாளும் கேட்கும் பேச்சு. ஆங்கிலேயனும் பால் கெட்டவிடத்து ‘டேர்ன்’ என்னும் வினையையே ஆளுகின்றான். ஒருவரையொருவர் அறியாத இரு மொழியினர், வட்ட அசைவைக் குறித்த சொல்லைப் பாலின் கேட்டுக்கும் ஆக்கிக்கொண்டமை வியப்பைத் தருவதாகும்.

இலக்கண நூலாரும் இவ்வினையைத் தமக்குரிய குறியீடாக எடுத்தாண்டனர். பவணந்தியார் நன்னூலில் விகாரப் புணர்ச்சியை வகுக்குமிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கினார். தொல்காப்பியனார் செய்யுட் சொற்களை நான்காக்கி, அவற்றுள் ஒன்றனைத் திரிசொல் என்றார். இங்கெல்லாம் திரிதல் என்பது ஒன்று தன் இயல்பு மாறி வேறொன்றாதல். ‘திரும்பு’, ‘திருப்பு’, ‘திருகு’ என்பனவும் ‘திரி’ என்பதனோடு ஓரினத்தன எனத் திராவிட மொழிநூலார் காட்டுவர். 1961இல் வெளிவந்த பறோ, எமனோ என்போரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இவ்வினத்தைக் காணலாம்.

இன்று பேச்சில் ‘திரி’ என்பது வீணே அலைதல் என்னும் இழிபொருளிற் பெரிதும் ஒடுங்கிவிட்டது. அதனால் மாணாக்கன் பழைய நூலிலே திரிதல் என்னுஞ் சொல்லைக் கண்டவுடன் நோக்கமின்றி அலைதலையே எண்ணிக்கொள்கின்றான். சொல்லின் பழைய பரப்பை ஆசிரியர் எடுத்துக்காட்டாவிடில் இலக்கியப் பொருளும் இலக்கணப் பொருளும் ஒருசேர மறையும்.

சுழலலும் சுற்றலும்

‘டேர்ன்’ என்பதன் பொதுமையை அறிவியல் ஏற்காது. ஆதலின் ஆங்கிலேயரும் வானியலில் அதனை விடுத்து, ‘ரொட்டேட்’, ‘ரிவோல்வ்’ என இரு வினைகளைக் கொண்டனர். முன்னையது சக்கரத்தைக் குறித்த இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. ஒரு பொருள் தன் அச்சைப் பற்றிச் சுழலுதலைக் குறிக்கும். பின்னையது மீள உருளுதல் எனப் பொருள்பட்ட சொல்லடியாகப் பிறந்தது. ஒரு பொருள் மற்றொன்றைச் சுற்றிவருதலைக் குறிக்கும். 1543ஆம் ஆண்டில் வெளிவந்த கொப்பர்நிக்கசின் நூற்பெயரிலும் பின்னைய சொல்லின் இலத்தீன் வடிவமே அமைந்துள்ளது. எனினும் இவ்வரையறை அறிவியலோடு நின்றது. சுழலுங் கதவிற்கும் சுழல்துப்பாக்கிக்கும் ஆங்கிலேயர் பின்னைய வினையையே அடையாக்கியுள்ளனர்.

நம் பேச்சுவழக்கும் இதனில் மாசற்றதன்று. மின்விசிறி சுற்றுகிறது என்கின்றோம். அஃது ஒன்றனையும் சுற்றவில்லை, சுழல்கின்றது. தலை சுற்றுகிறது என்கின்றோம். தலை நிலையாக நிற்க, உலகமே சுற்றுவதாகத் தோன்றுகின்றது. ஆகவே தமிழ் இயல்பாகவே நுட்பமானது, ஆங்கிலம் இயல்பாகவே பருமையானது எனப் பெருமை பேசுதல் பொருந்தாது. இரண்டு மொழியிலும் நுட்பம் கற்பித்தலால் வருவது.

கற்பித்தற்கு வேண்டும் எடுத்துக்காட்டுகள் நம் கோயில்களிலேயே உள்ளன. சந்நிதியில் நின்ற இடத்தில் நின்றபடியே தன்னைத்தான் சுற்றி வணங்குகின்றான் ஓரடியவன், இஃது ஆத்மப்பிரதட்சிணம். இங்கே சுழற்சி உண்டு, சுற்றுகை இல்லை. வேறொருவன் வீதியில் உருண்டு உருண்டு கோயிலைச் சுற்றி வருகின்றான். அங்கப்பிரதட்சிணம் எனவும் பேச்சில் பிரதட்டை எனவும் வழங்குவது இது. இங்கே தன் உடலின் நெட்டச்சைப் பற்றிய சுழற்சியும் கோயிலைப் பற்றிய சுற்றுகையும் ஒருங்கே நிகழ்கின்றன. 23 மணி 56 நிமிடத்தில் ஒருமுறை தன் அச்சிற் சுழன்றுகொண்டே, ஏறத்தாழ 365¼ நாளில் ஞாயிற்றைச் சுற்றிவரும் புவியை இவனுக்கு ஒப்பிடலாம். அச்சின் சாய்வு முதலியன வேறுபடினும் இரண்டு அசைவும் ஒருங்கு நிகழ்தல் என்னும் கருத்து மாணாக்கனுக்குத் தெளிவாகும்.

மூன்றாமவன் கோயிலை நடந்து வலம்வருகின்றான். அவனுடைய வலப்பக்கம் எப்போதும் கோயிலை நோக்கியே இருக்கும். அவன் சுழல்கின்றானா என வகுப்பில் வினாவினால், இல்லை என்றே பெரும்பாலும் விடை வரும். அவன் முகத்தை நோக்குக. கிழக்கு நோக்கிய கோயிலின் முன் வீதியில் தெற்கு நோக்கி நடக்கின்றான். தெற்கு வீதியில் மேற்கு நோக்குகின்றான். பின் வடக்கும் கிழக்கும் நோக்கி, மீண்டும் தெற்கு நோக்குகின்றான். ஒரு சுற்று முடிவதற்குள் அவன் முகம் நாற்றிசையும் கண்டுவிட்டது; ஆகவே ஒருமுறை சுழன்றும் விட்டான். திங்களின் செயலும் இதுவே. புவியை ஏறத்தாழ 27⅓ நாளிற் சுற்றும் திங்கள் அதே காலத்தில் ஒருமுறை தானும் சுழலுதலால், நமக்கு ஒரு முகத்தையே காட்டி நிற்கின்றது. ‘திங்கள் சுழல்வதில்லை’ என விடையெழுதும் மாணாக்கன் வானியலில் மட்டும் தவறவில்லை. சுழலல், சுற்றல் என்னும் இரு வினைகளிலும் தவறினான்.

அங்ஙனமாயிற் சற்றும் சுழலாமற் சுற்றும் பொருள் உண்டோ என ஐயம் எழலாம். அதனைக் காண்பதற்கு நம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைக்குச் செல்லுதல் வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலத்தின் பின்னர் இத்தொழிலுக்கு அமைந்த பொறிகளுள் உருளைப்பொறி தலையாயது. கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்திலும் அத்தகைய பழைய பொறிகளைக் காணலாம். வாட்டிய கொழுந்து நிறைந்த கூடு ஒன்று, கீழேயுள்ள மேசையின்மீது, சுற்றிலும் அமைந்த வளைகோல்களால் வட்டமாக இயக்கப்படுகின்றது. மேசை அசையாதிருக்கும் வகையில், கூட்டின் ஒருபுறத்திற் சுண்ணத்தால் ஓர் அடையாளம் இட்டு நோக்கினால், யன்னலை நோக்கிய அவ்வடையாளம் எப்போதும் யன்னலையே நோக்கியிருக்கும். கூடு வட்டமாகச் சுற்றுகின்றது, ஆனால் சுழலவில்லை. இவ்வசைவினால் உள்ளிருக்கும் கொழுந்து அழுந்திப் புரண்டு முறுக்கேறுகின்றது. இத்தொழிலை ஆங்கிலத்தில் ‘உருட்டல்’ எனப் பொருள்படுஞ் சொல்லாற் குறிப்பர். கொழுந்துக்கு நேர்வதோ முறுக்கல். ‘முறுக்கல்’ எனின் தொழிலின் பயனும் சொல்லிலே விளங்கும்.

1950களிலும் 1960களிலும் இடைநிலை வகுப்புக்களின் பாடங்கள் தாய்மொழிக்கு மாறியபோது, இத்தகைய வினைகளை வரையறுத்துக் கலைச்சொற்றொகுதிகளை ஆக்கிய அறிஞர் பட்ட பாடு சிறிதன்று. ‘தற்சுழற்சி’ என்னுஞ் சொல் இன்று இலங்கையிலும் தமிழகத்திலும் நிலைபெற்றுள்ளது. ‘தன்’ என்னும் முன்னொட்டு அச்சு எதனுடையது என்பதைக் கூறிவிடுதலின் அஃது ஆங்கிலச் சொல்லினும் விளக்கமுடையது. அத்தகைய சொல் கையிலிருக்க, ‘பூமி சுற்றுகிறது’ என வாளா எழுதி விடுதல் தகுமோ?

செய்தார் யார்?

இனி, இரண்டாம் வினாவுக்கு வருவோம். ஆங்கில வினை ஒரே வடிவில் நின்று தானே செய்வதையும் பிறரைச் செய்விப்பதையும் உணர்த்தும். தமிழில் தன்வினை வேறு, பிறவினை வேறு. திரும்பு – திருப்பு, சுழல் – சுழற்று, உருள் – உருட்டு, புரள் – புரட்டு என வரும் இணைகள், செய்தவன் யாவன் என்பதனை வினையின் வடிவத்திலேயே பொறித்து வைத்துள்ளன.

கண்டி நகரை மகாவலி கங்கை முப்புறமும் வளைந்து செல்கின்றது. பேராதனை, கட்டம்பே, கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்லை, லேவல்லை, தென்னக்கும்புறை என அதன் போக்கைக் கூறலாம். கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் ஆறு கிழக்கே திரும்புகின்றது எனின் அது தன்வினை. நிலத்தின் அமைப்பிற்கேற்ப ஆறு தானே திரும்பிற்று. 1976ஆம் ஆண்டு தொடக்கம் பொல்கொல்லை அணையிலிருந்து அதன் நீரில் ஒரு பகுதி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியே உக்குவெலை மின்நிலையத்துக்கும், அங்கிருந்து சுது கங்கைக்கும் செல்கின்றது. இங்கே ஆறு திரும்பவில்லை, திருப்பப்பட்டது. ‘மகாவலி வடக்கே திரும்பியது’ என எழுதுவோன் திட்டம் வகுத்தோரையும், சுரங்கம் அகழ்ந்த தொழிலாளரையும் ஒரே எழுத்தின் மாற்றத்தால் மறைத்து விடுகின்றான்.

ஆற்றைப்பற்றிய இம்மறைப்பினால் விளையுங் கேடு சிறிது. மனிதரைப்பற்றியதாயின் அது வரலாற்றுத் தீர்ப்பாகிவிடும். 1815ஆம் ஆண்டு கண்டியரசு வீழ்ந்தமையை எடுத்துக்கொள்வோம். தலைவர்கள் அரசனுக்கு எதிராக ‘டேர்ன்’ செய்தனர் என ஓர் ஆங்கில வசனம் இருப்பதாகக் கொள்க. மாணாக்கன் இதனைத் ‘திரும்பினர்’ என்பான். அவ்வாறாயின் குற்றமும் பொறுப்பும் முற்றாகத் தலைவர்களுடையன. ‘திருப்பப்பட்டனர்’ என்பானாயின், திருப்பிய கை யாருடையது என்னும் வினா உடனே எழும்.

சான்றுகள் இரு புறமும் உள்ளன. எகலப்பொலை 1814இல் அரசனின் சினத்துக்கு அஞ்சி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புக்கான்; அவன் குடும்பத்தினர் அரசனாற் கொடுந்தண்டம் எய்தினர். அவனுக்குப் பின் முதல் அதிகாரமாயிருந்த மொல்லிகொடையும் 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயர் பக்கஞ் சேர்ந்தான். அரசனின் கொடுமையே இவர்களைத் திருப்பிற்று என்பர் ஒருசாரார். மறுபுறத்தே, அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளராயிருந்த ஜோன் டொயிலி என்பார் சிங்களத்தை நன்கு கற்று, கண்டித் தலைவர்களோடு நெடுங்காலம் மறைவாகத் தொடர்பு கொண்டிருந்தார். 1917இல் அச்சேறிய அவருடைய நாட்குறிப்பு, தூதுவரும் ஒற்றரும் எல்லை கடந்து வந்துபோன செய்திகளைத் தருகின்றது. ஆகவே தலைவர்கள் தாமே திரும்பினரா, அரசனால் திருப்பப்பட்டனரா, டொயிலியால் திருப்பப்பட்டனரா என்பது வரலாற்றாசிரியன் சான்று காட்டி முடிவு செய்ய வேண்டியது. ஆங்கிலத்திலும் செயப்பாட்டு வடிவம் உண்டு. ஆயினும் முடிவு கூறாது நழுவிச் செல்ல அம்மொழியின் எளிய வடிவம் இடந்தருகின்றது. மொழிபெயர்ப்போன் அறியாமலே முடிவு கூறிவிடலாகாது. ஐயமுள்ள இடத்தில் ‘அரசனைக் கைவிட்டனர்’ என நிகழ்ச்சியை மாத்திரம் கூறுதல் நேர்மை. 1815 மார்ச் 2ஆந் தேதி கைச்சாத்தான உடன்படிக்கையால் ஓரரசு மறைந்தது. அதன் பொறுப்பை ஒரு விகுதியாற் பங்கிட்டுக் கொடுக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளனுக்கு இல்லை.

குறளிற் கண்ட சுழற்சி

இலக்கிய மேடையில் உலவுவதாக முன்னர்க் கூறிய பிழையை இனி நோக்குவோம். திருக்குறளில் உழவு என்னும் அதிகாரத்தின் முதற் குறள், உலகம் சுழன்றும் ஏரின் பின்னதே எனக் கூறுகின்றது. இதிலுள்ள ‘சுழன்றும்’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, புவி தன் அச்சிற் சுழலுதலைக் கொப்பர்நிக்கசுக்கு நெடுங்காலம் முன்னரே வள்ளுவர் அறிந்திருந்தார் எனச் சொற்பொழிவாளர் பலர் முழங்குகின்றனர். கேட்போர் மகிழ்கின்றனர்; மாணாக்கர் அதனையே கட்டுரையிலும் எழுதுகின்றனர். இங்கே நிகழ்ந்தது யாது? ஆங்கில அறிவியல் வினையொன்றன் பொருளைத் தமிழ் வினையின்மேல் ஏற்றி, அதனைத் தமிழிலிருந்தே பெற்றதாகக் காட்டுதல் நிகழ்ந்தது.

இதற்கு மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, ‘சுழன்றும்’ என்பதிலுள்ள உம்மை. அஃது ‘இவ்வாறு செய்தபோதிலும்’ எனப் பொருள்தந்து நிற்கின்றது. மக்கள் பிற தொழில்களை நாடி அலைந்தபோதிலும் முடிவில் உழவரையே சார்ந்து நிற்பர் எனின் ‘போதிலும்’ என்பது பொருந்தும். புவி தன் அச்சிற் சுழன்றபோதிலும் ஏரின் பின்னது எனின், சுழற்சிக்கும் ஏருக்கும் யாது மாறுபாடு? உம்மை பொருளின்றி நிற்கும். இரண்டாவது, ‘உலகம்’ என்பது இங்கே இடவாகுபெயராய் உலகத்து மக்களை உணர்த்திற்று. ஏரின் பின் நிற்பவர் மக்களேயாவர். மண்ணுருண்டை ஏரின் பின் நிற்பதில்லை. மூன்றாவது, உரை மரபு. பரிமேலழகர் இச்சொல்லுக்குப் பிற தொழில்களைச் செய்து திரிந்தும் என்றே பொருள் கண்டார். ஜி. யு. போப்பையர் 1886இல் வெளிவந்த தம் ஆங்கிலப் பெயர்ப்பில் அலைந்து திரிதலைக் குறிக்கும் வினையையே பெய்தார். ‘சுழன்று’ என்பதற்குத் ‘திரிந்து’ என உரை கண்ட பரிமேலழகரின் நுட்பம் பாராட்டத்தக்கது. மேலே நாம் கண்ட பரந்த பொருளுடைய அவ்வினையே இவ்விடத்துக்கு ஏற்றது.

இனி, பழந்தமிழ்ப் புலவர் வான்பொருள்களின் இயக்கத்தை எவ்வாறு கருதினர் என்பதற்கும் சான்று உண்டு. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் ஞாயிறு மேருவை வலமாகத் திரிதலைப் பாடுகின்றார். நக்கீரர் திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில், உலகம் மகிழ வலமாக எழுந்து திரிதரும் ஞாயிற்றை முருகனின் ஒளிக்கு உவமையாக்குகின்றார். இருவரும் ஞாயிறே திரிவதாகக் கொண்டனர். கண்ணாற் கண்ட காட்சியை அவ்வாறே பாடுதல் புலவர்க்கு இழுக்கன்று.

புவி சுழலுதலை நம் நாடுகளில் முன்னோர் எவரும் உணர்ந்திலரோ எனின், ஆரியபட்டர் உணர்ந்தார். 499ஆம் ஆண்டில் இயற்றிய தம் நூலில், ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரையிலுள்ள நிலைப்பொருள்கள் பின்னோக்கிச் செல்வனவாகத் தோன்றுமாறு, நிலையான விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வனவாகத் தோன்றுகின்றன என அவர் விளக்கினார். பிற்காலத்துப் பிரமகுப்தர் முதலியோர் அதனை மறுத்தனர். கருத்து, உவமை, மறுப்பு என்னும் மூன்றும் அமைந்தவிடத்தே அறிவியல் உண்டு. பெருமை பேச விரும்புவோர் அங்கே பேசலாம். வள்ளுவருக்கு இரவற் பெருமை வேண்டுவதில்லை. உலகின் எல்லாத் தொழிலும் உழவனைச் சார்ந்தது என்னும் பொருளாதார உண்மையைக் கூறிய குறளிலே, உழவனை மறைத்து உருண்டையை வைத்தால், இழப்பது உழவன் மட்டுமல்லன், வள்ளுவரின் கருத்துமாம். பிறர் உண்ணத் தாம் உழைக்கும் மக்கள் நிறைந்த இம்மலைநாட்டிலே அக்குறளின் நேர்ப்பொருளை மறப்பது பொறுக்கத்தக்கதன்று.

கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும்

இக்கால எழுத்தில் இவ்வினையின் வழிவந்த சில தொடர்களையும் சுருங்க நோக்கலாம். ‘திருப்புமுனை’ என்பது ஆங்கிலத்தைத் தழுவியதாயினும் கொள்ளத்தக்கது. அதனை ஆக்கியோர் ‘திரும்பு’ என்னாது ‘திருப்பு’ எனப் பிறவினையாக்கினர். வரலாற்றையோ வாழ்வையோ அம்முனை திருப்புகின்றது என்னும் கருத்துத் தெளிவாயுளது. ‘நூற்றாண்டின் திருப்பத்தில்’ என்பது தள்ளத்தக்கது. நூற்றாண்டு திரும்புவதில்லை, முடிந்து மற்றொன்று பிறக்கின்றது. ‘என் திருப்பம் வந்தது’ என்பதும் அவ்வாறே. ‘என் முறை வந்தது’ என்பதே தமிழ். பாதை திரும்புகிறது என்பதிலும் வளைகிறது என்பது நேரிது. மகியங்கனைக்குச் செல்லும் மலைவீதியைப் பதினெட்டு வளைவு என மக்கள் வழங்கினரேயன்றிப் பதினெட்டுத் திருப்பம் எனக் கூறிற்றிலர். திரும்புபவன் வழிப்போக்கன், வளைந்து கிடப்பது வழி.

‘புரட்சி’ என்னுஞ் சொல் இவையனைத்தினும் சிறந்த ஆக்கம் எனலாம். ஆங்கிலத்தில் அரசியற் புரட்சிக்கும் கோளின் சுற்றுகைக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. சுற்றுவது தொடங்கிய இடத்துக்கே மீளும், புரள்வது கீழ்மேலாகும். தமிழர் ‘புரள்’ என்னும் வினையைத் தெரிந்தெடுத்தமையால் அக்குழப்பம் நீங்கிற்று. அதே அடியாகப் பிறந்த ‘புரட்டு’ வஞ்சகத்தையும் குறித்தல், புரட்சி பேசுவோர் அனைவரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மொழிபெயர்ப்புப் பாடத்தை இரு சொற்களை எதிரெதிரே நிறுத்தும் பயிற்சியாகக் கொள்ளுதலை நாம் விடுதல் வேண்டும். ‘டேர்ன்’ வருமிடமெல்லாம் ஆசிரியர் மாணாக்கனைப் பொருளை நோக்கச் செய்க. பம்பரத்தையும் திரிகையையும் தேயிலைப்பொறியையும் காட்டி, அசைவு எது, செய்தார் யார், மாறியது எது என வினாவுக. விடை கிடைத்தபின் சுழல், சுற்று, திருப்பு, புரட்டு, திருகு, முறுக்கு, கடை, திரி என்னும் வினைகளுள் உரியது தானே முன்வந்து நிற்கும். அவ்வினைகள் எல்லாம் அவன் வீட்டிலும் தோட்டத்திலும் பேசக் கேட்டனவே. வகுப்பறையின் வாயிலில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, ‘திரும்பு’ என்னும் ஒரு சொல்லோடு உள்ளே வருமாறு அவனைப் பழக்கியவர் நாமேயாவோம். அப்பழக்கத்தை மாற்றுதலும் நம் கடனே.